அறுபத்தொன்றாம் கணு

சுவர் முழுக்கத் தீவுகளை ஒட்டியிருக்கிறேன்.
ஆள் ஒரு புள்ளி, பழக்கம் ஒரு கோடு.
ஆச்சாவ் துறைக்குக் கிழக்கே
கெனாக், மெயுலின், காவாச் என்று
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.
மழை நாளில்
(சிலோயேயில் எது மழையில்லாத நாள்)
அலுவலகத்துக்கு அடியில் கடல் வந்து
மரக்கால்களை நக்கிவிட்டுப் போகும்.

மார்ச்சில் கக்குவான் வந்தது.
இருமி இருமி முடிந்தபின்
மூச்சை உள்ளே இழுக்கும் அந்தக் கூவலைப்
பீட்டா என்று எழுதினேன்.
பயத்துக்கும் ஓர் எழுத்து ஒதுக்கினேன்:
பக்கத்துப் புள்ளி சிவந்தால்
தன் கோடுகளை ஒருவர்
எத்தனை வேகத்தில் சுருட்டிக்கொள்வார் என்பதற்கு.
எந்தப் பதிவேட்டிலும் இல்லை அதன் மதிப்பு.
குத்துமதிப்பாய்ப் பூச்சியம் புள்ளி மூன்று.

வீடு வீடாய்க் கணக்கெடுத்தபோது
கேள்வி ஏழு:
நேற்று யாருடன் மாத்தே குடித்தீர்கள்?
சிரித்தார்கள்.
யாருடன் குடிக்கவில்லை என்று கேள், அது சுருக்கம்.
விறகடுப்பைச் சுற்றி எட்டுப் பேர்,
ஒரு குடுவை, ஒரே ஒரு வெள்ளிக்குழல்.
வாய்க்கு வாய் மாறும். துடைப்பது மரியாதையில்லை.
போதும் என்றால் மட்டும்
நன்றி என்று சொல்ல வேண்டும்.
சொன்னவருக்கு அடுத்த சுற்று வராது.

கணினி ஓர் இரவில் பத்தாயிரம் முறை
தீவுகளை நோயில் தள்ளி எடுத்துப் பார்த்தது.
விடிந்ததும் ஒரே பதில்:
அறுபத்தொன்றை வெட்டு.
எதூலியா ஒயார்சோ, படகோட்டி,
திங்கள் புதன் வெள்ளி, மூன்று தீவு.

படகை மூன்று வாரம் கட்டிப் போடுங்கள் என்றேன்.
கயிற்றைச் சுருட்டியபடியே கேட்டாள்:
மருந்து?
யாருக்கு நோய் என்ற செய்தி?
பையிலிருந்த இரண்டு தாள்களையும் வாங்கினாள்.
ஒன்றில் நோய் போகும் வழி,
மற்றதில் பேச்சு போகும் வழி.
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப்
படகுக் கண்ணாடியில் அழுத்தினாள்.
வெளிச்சத்தில்
கோடுமேல் கோடு விழுந்தது.
ஓராண்டாய் அவற்றைத்
தனித்தனி ஆணியில் மாட்டியிருந்தேன்.

படகு நிற்கவில்லை.
அறையைப் பூட்டிவிட்டாள்;
எல்லாரும் மேல்தளத்தில், மழையில்.
எந்தத் துறையிலும் அவள் இறங்கவில்லை.
இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கத்துவாள்:
மெயுலினில் நவெல்கின் வீட்டுக் குழந்தை
இருமி இருமி நீலமாகிறது.
பிழைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் யார் இருமுகிறார்?

இரண்டாம் வாரம் கெனாக்கில்
குடுவை கைக்கு வருமுன்பே
ஒரு கிழவர் நன்றி என்றாராம்.
பிறகு அவர் மருமகள்.
பிறகு அடுப்படி முழுக்க
ஒரு வாய்கூடக் குடிக்காமல்
நன்றி, நன்றி, நன்றி.
கோபமா விளையாட்டா என்று தெரியாமல்
தண்ணீர் கொதித்து வற்றியதாம்.

இருநூற்றாறு பேர் என்று சொல்லியிருந்தேன்.
முப்பத்தொன்பது.
உங்கள் கணக்கு தப்பா என்றார் இயக்குநர் பாரியா.
இந்தக் கணக்கைக் கேள்விப்படாத மக்களுக்கு
அது சரி என்றேன்.
அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டு:
காவாச்சின் தெற்கு முனை,
ஒரே கோட்டில் தொங்கும் வீடு.
ரெமிஹியோ, தெல்ஃபினா, நாற்பது நாள் மகள்.
பத்தாயிரம் இரவில் பதினொரு முறைதான்
அந்தப் புள்ளி சிவந்தது.
எவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை,
நானும்.
சுவரில் அதை அழிக்கவில்லை.
அதன் கோட்டை எங்கே முடிப்பதென்று தெரியாமல்
பென்சிலை வைத்தது வைத்தபடி.

ஆகஸ்ட்.
எதூலியாவின் சமையலறை, ஈர விறகின் புகை.
அவள் மாமா, இரண்டு மீனவர்கள்,
என்னிடம் வருகிறது குடுவை.
உறிஞ்சுகிறேன். கசப்பு, சூடு,
முன்பு குடித்தவரின் புகையிலை வாசம்.
திருப்பிக் கொடுக்கையில்
அந்தச் சொல் நாக்குநுனிவரை வந்தது.
சொல்லவில்லை.
அவள் கெண்டியைத் தூக்குகிறாள், மறுபடி ஊற்ற.